அண்ணன் சட்டை போட்ட வண்டி

சாவியைத் திருப்பினா 'டக்'. அவ்ளோதான். மறுபடி திருப்பினா மறுபடி 'டக்'. ஏழாவதோ எட்டாவதோ தடவை செல்ஃப் (இன்ஜினைக் கிளப்பி விடற மோட்டார்) சுத்தி, ஒண்ணுமே நடக்காத மாதிரி வண்டி கிளம்பிடும். நாலு பேர்கிட்ட கேட்டேன். மூணு பேர் பேட்டரின்னாங்க, ஒருத்தர் "வண்டியையே மாத்துங்க"ன்னார். 19 வருஷம் ஓடின வண்டி, 1.3 லிட்டர் பெட்ரோல், நாலு சிலிண்டர், பவர் விண்டோ கிடையாது, ஆர்பிஎம் மீட்டர் கிடையாது, அந்த மாடல்ல எதெல்லாம் இல்லாம விக்க முடியுமோ அதெல்லாம் இல்லாம வித்த வேரியன்ட். இருந்தாலும் மாத்த மனசு வரல.

மல்டிமீட்டரை எடுத்து பேட்டரியில வெச்சேன். சும்மா நிக்கும்போது 12.6 வோல்ட், ஃபுல் சார்ஜ். சாவியைத் திருப்பி 'டக்' வரும்போதும் 12.4-க்குக் கீழ இறங்கல. இதுல தான் விஷயம் இருக்கு. செல்ஃப் நிஜமா சுத்தினா நூறு ஆம்பியருக்கு மேல இழுக்கும், பேட்டரி பத்து பதினொரு வோல்ட்டுக்கு விழும், ஹெட்லைட் மங்கும். இங்க ஹெட்லைட் அசையவே இல்ல. அப்போ கரண்ட் மோட்டாருக்குள்ள போகவே இல்லன்னு அர்த்தம், வழியில எங்கயோ கதவு சாத்திக் கிடக்கு.

அந்தக் கதவு என்னன்னு தெரிஞ்சது செல்ஃபைக் கழட்டிப் பிரிச்ச அப்புறம்தான். அதுவும் முதல்ல பிரிச்சது என் வண்டி செல்ஃபை இல்ல, காயலாங்கடையில செத்துக் கிடந்த இன்னொரு வண்டியோடதை. செல்ஃப் மேலயே சாலினாய்டுன்னு ஒரு காந்த சுவிட்ச்சு உக்காந்திருக்கும், உள்ள பிளஞ்சர்னு முன்னும் பின்னும் நகர்ற ஒரு இரும்புத் தண்டு, அதோட ஒட்டி ஒரு செம்புத் தட்டு, எதிர்ல ரெண்டு செம்புத் துண்டு. சாவி திருப்பினா தட்டு போய் ரெண்டு துண்டையும் ஒண்ணா தொடணும், தொட்டாதான் மோட்டாருக்குக் கரண்ட். ஒவ்வொரு தடவை தொடும்போதும் ஒரு பொறி, ஒவ்வொரு பொறிக்கும் கண்ணுக்கே தெரியாத அளவு செம்பு எரிஞ்சு போகும். 19 வருஷத்துப் பொறி. கடைசியில தட்டு வந்து நிக்குது, துண்டுக்கு எட்டல. அந்த 'டக்' பிளஞ்சர் வந்து முட்டுற சத்தம். மோட்டார்ல ஒரு குறையும் இல்ல.

காயலாங்கடை செல்ஃபோட மோட்டார் எரிஞ்சு போயிருந்துச்சு, மோந்து பாத்தாலே தெரியும். ஆனா அதோட செம்புத் துண்டு ரெண்டும் தடியா நல்லா இருந்துச்சு. அதை எடுத்து என்னுதுல போட்டேன். ரெண்டு செத்த செல்ஃப் சேந்து ஒரு உயிருள்ள செல்ஃப். இன்னிக்கு வரைக்கும் அதே ஓடுது.

இதுல எனக்கு நிஜமா கிடைச்சது செம்புத் துண்டு இல்ல. அந்தச் செத்த வண்டியில செல்ஃபைக் கழட்ட எனக்கு ரெண்டு மணி நேரம் ஆச்சு. மேல் போல்ட் கண்ணுக்கே தெரியாது, கியர்பாக்ஸ் பக்கமா நீளமான எக்ஸ்டென்ஷன் விட்டாதான் சாக்கெட் உக்காரும், இது தெரியாம முன்பக்கமா கை விட்டு விட்டு முட்டி எல்லாம் தோல் உரிஞ்சுது, ஒரு வயரிங் கிளிப்பை உடைச்சேன், ஒரு பிராக்கெட்டைத் தேவையே இல்லாம கழட்டினேன். பரவால்ல, அது செத்த வண்டி, அதுக்கு வலிக்காது. வீட்டுக்கு வந்து என் வண்டியில அதே வேலை, பேட்டரி நெகட்டிவைக் கழட்டினதுல இருந்து (இதை மறந்துடாதீங்க, செல்ஃபுக்கு வர்ற அந்தத் தடி வயருக்குப் பெரும்பாலும் ஃபியூஸ் கிடையாது, ஸ்பேனர் பாடியில பட்டா வெல்டிங் தான்) செல்ஃப் கையில வர்ற வரைக்கும் 40 நிமிஷம், ஒரு கிளிப் உடையல. அன்னியில இருந்து பழக்கம் ஆயிடுச்சு. எதை ரிப்பேர் பண்றதா இருந்தாலும், அந்தப் பார்ட் எனக்குத் தேவை இல்லன்னாலும், முதல்ல போய் செத்த வண்டியில ஒரு தடவை கழட்டிப் பாத்துட்டு வந்துதான் என்னுதைத் தொடுவேன்.

காயலாங்கடைக்குள்ள நுழைஞ்சா எல்லாரும் நேரா தேவையான பார்ட்டைத் தேடிப் போவாங்க. நானும் அப்படித்தான் போனேன் ஆரம்பத்துல. இப்ப முதல்ல ஒரு சுத்து சும்மா நடப்பேன், ஒவ்வொரு வண்டியும் எப்படிச் செத்துச்சுன்னு பாப்பேன். இது முக்கியம். பின்னாடி இடிவாங்கி வந்த வண்டின்னா அது செத்த அன்னிக்குக் காலையில நல்லா ஓடிட்டு இருந்த வண்டி, முன்பக்கம் இருக்கற ஆல்டர்னேட்டர் (பேட்டரிக்குச் சார்ஜ் ஏத்தறது), ரேடியேட்டர் ஃபேன், செல்ஃப் எல்லாம் அப்படியே நம்பி எடுக்கலாம். இன்ஜின் போய் வந்த வண்டின்னா இன்ஜினைத் தவிர எல்லாம் தேறும், சில நேரம் யாராவது இன்ஜின் சாகறதுக்கு ஆறு மாசம் முன்னாடி புது ஆல்டர்னேட்டர் போட்டிருப்பாங்க, மத்ததெல்லாம் புழுதி மூடி இருக்க அது மட்டும் பளபளன்னு நிக்கும், பாத்தா பாவமா இருக்கும். மோசமானது எதுன்னா ஒரு அடியும் படாம, பெயின்ட் கூட நல்லா இருந்து, எங்கயோ மரத்தடியில வருஷக்கணக்கா நின்னுட்டு வந்த வண்டி. பாக்க அழகா இருக்கும். உள்ள பெட்ரோல் டேங்க்ல துரு, பிரேக் டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கற கேலிப்பரோட பிஸ்டன் இறுகிப் போயிருக்கும், எலி வயரைக் கடிச்சிருக்கும். தண்ணியில மூழ்கின வண்டியும் அப்படித்தான், சீட் பெல்ட்டை முழுசா வெளிய இழுத்துப் பாருங்க, கடைசி அடியில சேத்துக்கோடு இருந்தா அதுல இருந்து எலக்ட்ரிக் சாமான் எதையும் தொடாதீங்க. கிலோமீட்டர் மீட்டரை நான் நம்பறதே இல்ல. கிளட்ச் பெடல் ரப்பரும் கியர் குமிழும் பொய் சொல்லாது.

கையில எடுத்துட்டுப் போறது கொஞ்சம்தான். 10, 12, 14, 17, 19 சாக்கெட் செட், ஜப்பான் வழி வந்த வண்டிக்கு இதுவே முக்காவாசி போதும், ஐரோப்பா வண்டின்னா 13-ம் 15-ம் டார்க்ஸ் பிட்டும் சேத்துக்கணும். ஒரு நீளமான பிரேக்கர் பார், திருப்புளி, கட்டிங் பிளேயர், டார்ச், போல்ட் போட்டு வைக்க சின்னச் சின்ன ஜிப் கவர், மேல எழுத மார்க்கர். இறுகின போல்ட்டுக்கு ஒரு ஆயில். இதுல எல்லாரும் எடுக்கறது டபிள்யூடி-40. அது 1953-ல ஏவுகணைப் பாடி துருப்பிடிக்காம இருக்க ஈரத்தை விரட்டுறதுக்காகச் செஞ்சது, 40-வது முயற்சியில சரியா வந்ததால அந்தப் பேர். இறுகின மரைக்குள்ள இறங்கறதுக்குன்னே செஞ்ச பெனிட்ரேட்டிங் ஆயில் தனியா இருக்கு, அது நல்லா வேலை செய்யுது. பழைய மெக்கானிக்குங்க ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயிலும் அசிட்டோனும் பாதிக்குப் பாதி கலந்து வெச்சிருப்பாங்க, அதுவும் பிரமாதம், ஆனா பீடி பிடிக்கறவர் பக்கத்துல வேணாம். எதை ஊத்தினாலும் ஊத்திட்டு உடனே இழுக்கக் கூடாது, வேற வண்டியைப் பாத்துட்டு ஒரு மணி நேரம் கழிச்சு வரணும்.

இன்னொண்ணு, கனெக்டர். எந்த எலக்ட்ரிக் பார்ட் எடுத்தாலும் அதோட எதிர் பிளக்கையும் ஒரு சாண் வயரோட சேத்து வெட்டி எடுத்துருவேன். 20 வருஷம் இன்ஜின் சூட்டுல வெந்த பிளாஸ்டிக், என் வண்டியில கழட்டும்போது அதுவே உடையும், அப்ப அந்த ஒரு சாண் வயருக்காக மறுபடி அலையணும்.

எதை எடுக்கலாம் எதை எடுக்கக் கூடாதுன்னு நிறைய பேர் கேப்பாங்க. நான் வெச்சிருக்கறது ஒரே கணக்கு: இரும்பும் அலுமினியமும் கண்ணாடியும் செம்பும் செத்த வண்டியில இருந்து வரலாம், ரப்பர் வரக் கூடாது. பழைய வண்டியில நிஜமா வயசாகறது ரப்பர்தான். சஸ்பென்ஷன் ஆர்ம் இரும்பு, 30 வருஷம் ஆனாலும் இரும்புதான், அதுக்குள்ள இருக்கற ரப்பர் புஷ் வெடிச்சிருக்கும். புஷ்ஷை மட்டும் புதுசா அழுத்திப் போட்டா ஆர்ம் புதுசு. பிரேக் ஹோஸ், வாக்குவம் ஹோஸ், டைமிங் பெல்ட், ஷாக் அப்சார்பர், இதெல்லாம் ஓசியில குடுத்தாலும் வேணாம். டைமிங் பெல்ட் விஷயத்துல பல இன்ஜின்ல பெல்ட் அறுந்தா பிஸ்டன் போய் வால்வை அடிக்கும், ஒரு பெல்ட்ல மிச்சம் புடிக்கப் போய் சிலிண்டர் ஹெட்டையே கழட்ட வேண்டி வரும். டயர்ல பக்கவாட்டுல ஒரு முட்டை வடிவக் கட்டத்துக்குள்ள நாலு எண் இருக்கும், முதல் ரெண்டு வாரம், அடுத்த ரெண்டு வருஷம், 2318-ன்னா 2018-ல 23-வது வாரம் செஞ்சது. டயர் பட்டன் (ரோட்டுல பதியற மேடு) எவ்ளோ இருந்தாலும் அந்த எண்ணைப் பாத்துட்டுத்தான் பேசணும்.

ரப்பர் இல்லாததுலயும் ஒரு விலக்கு இருக்கு, உயிர் சம்பந்தப்பட்டது. சீட் பெல்ட் ஒரு இடியில ஒரு தடவை உடம்பைத் தாங்கினா நூல் இழுபட்டுப் போயிருக்கும், கண்ணுக்குத் தெரியாது. ஏர்பேகைத் தொடவே மாட்டேன். சீட் கழட்டும்போது அடியில மஞ்சக் கலர் பிளக் தெரிஞ்சா அது ஏர்பேக்குக்கோ பெல்ட் இழுக்கற வெடிக்கோ போற வயர், பேட்டரியைக் கழட்டிட்டுச் சில நிமிஷம் விட்டுட்டுத்தான் பக்கத்துல போகணும், அதுக்குள்ள கெப்பாசிட்டர்ல சார்ஜ் நின்னுட்டு இருக்கும்.

இந்த ரப்பர் கணக்கு எனக்கு எப்படிப் புரிஞ்சதுன்னா, வண்டி சிக்னல்ல நிக்கும்போது ஐடிலிங் ஏறி இறங்கி ஏறி இறங்கி ஊஞ்சல் ஆடிச்சு, இன்ஜின் லைட் எரிஞ்சுது, வண்டி கம்ப்யூட்டர்ல பதிவான குறையைப் படிக்கற ஓபிடி ரீடர் சொருகினா பி0171-ன்னு ஒரு கோடு. கலவை லீன், அதாவது காத்து ஜாஸ்தி பெட்ரோல் கம்மி. பெட்ரோல் இன்ஜினுக்கு 14.7 பங்கு எடை காத்துக்கு ஒரு பங்கு பெட்ரோல்தான் சரியான கணக்கு, அது தப்புதுன்னு சைலன்சர் பக்கம் இருக்கற ஆக்சிஜன் சென்சார் சொல்லுது. எல்லாரும் ஆக்சிஜன் சென்சாரை மாத்துன்னாங்க. குறை சொன்னவனையே அடிக்கற கதை. நான் என்ன பண்ணேன், காயலாங்கடையில ஒரு மேப் சென்சாரை (இன்ஜினுக்குள்ள போற காத்தோட அழுத்தத்தை அளக்கறது) கழட்டிட்டு வந்து மாத்திப் பாத்தேன், ஒரு மாத்தமும் இல்ல, சரி அது இல்லன்னு தெரிஞ்சுது, அந்த சென்சார் இப்பவும் டிக்கியில ஸ்பேரா கிடக்கு. அப்புறம் இன்ஜினை ஓடவிட்டு ஒவ்வொரு ஹோஸ் மேலயும் கார்புரேட்டர் கிளீனரைத் துளித்துளியா அடிச்சேன், ஓட்டை இருந்தா அது உள்ள போய் எரிஞ்சு ஐடிலிங்கை மாத்தும் (சூடான சைலன்சர் பக்கம் அடிச்சுத் தொலைச்சிடாதீங்க, பத்திக்கும்). திராட்டில் பாடிக்குப் பின்னாடி ஒரு விரல் நீள வாக்குவம் ஹோஸ், அது மேல அடிச்சதும் ஐடிலிங் டக்குனு மாறுச்சு. கழட்டி வளைச்சா அடிப்பக்கம் முழுக்க வெடிப்பு. திராட்டில் வழியா வராத காத்து அது வழியா உள்ள போயிட்டு இருந்திருக்கு. ஒரு துண்டு புது ஹோஸ், அஞ்சு நிமிஷம்.

சரி, ரிப்பேர் ஒரு பக்கம். அப்கிரேடுன்னு ஒண்ணு இருக்கு, அதுக்குத்தான் இந்தத் தலைப்பு. என் வண்டி அடிமட்ட வேரியன்ட்னு சொன்னேன்ல. அதே பாடியில 1.6 லிட்டர் இன்ஜின் போட்டு, எல்லா வசதியும் வெச்சு ஒரு டாப் வேரியன்ட் வித்தாங்க. நான் அதை அண்ணன்னு கூப்பிடுவேன். வீட்டுல அண்ணன் வளந்துட்டா அவன் சட்டை தம்பிக்கு வரும்ல, அதே தான். கம்பெனிக்காரன் ரெண்டு வேரியன்ட்டுக்கு ரெண்டு அச்சு அடிக்க மாட்டான், ஒரே பாடிதான், தம்பிக்குக் கொடுக்காத சாமானுக்கும் ஓட்டை போட்டு மரை வெட்டியே அனுப்பியிருப்பான். இதை முதல் தடவை கண்ணால பாத்தப்ப எனக்குப் புல்லரிச்சுது. கதவு டிரிம்மைக் கழட்டினா உள்ள டேப் சுத்தி ஒரு பிளக் தொங்குது, பவர் விண்டோவுக்கு. 19 வருஷமா யாரும் சொருகாத பிளக்.

ஆனா நான் முதல்ல எடுத்த சட்டை விண்டோ இல்ல, ஆன்ட்டி ரோல் பார். வளைவுல வண்டி சாயாம பிடிக்கற அந்த நீளக் கம்பி. என்னுது 22 மில்லிமீட்டர், அண்ணனோடது 24. ரெண்டே மில்லிமீட்டர்தானேன்னு தோணும். முறுக்கத்துக்கு எதிரா ஒரு கெட்டிக் கம்பியோட விறைப்பு விட்டத்தோட நாலாம் அடுக்குக்குப் போகும், 24-ஐ 22-ஆல வகுத்து, வர்ற எண்ணை நாலு தடவை எழுதி ஒண்ணோட ஒண்ணு பெருக்குங்க, 1.42 வரும். 42 சதவீதம் கூடுதல் விறைப்பு, ரெண்டு மில்லிமீட்டருக்கு. வெறும் இரும்புக் கம்பி, தேயறதுக்கு ஒண்ணுமில்ல. புஷ்ஷும் லிங்க்கும் புதுசா போட்டு மாட்டினேன். சாயறது நல்லா கொறஞ்சுது. ஆனா இன்னொண்ணும் ஆச்சு, முன் வீல் இழுக்கற வண்டியில முன்னாடி மட்டும் விறைப்பு கூட்டினா வேகமான வளைவுல மூக்கு வெளிப்பக்கமே போகப் பாக்கும். அண்ணனுக்குப் பின்னாடியும் ஒரு மெல்லிய பார் இருந்துச்சு, என்னுதுக்குப் பின்னாடி ஒண்ணும் கிடையாது. அடியில படுத்துப் பாத்தா அதை மாட்ட வேண்டிய நாலு மரையும் என் வண்டியில அப்படியே இருக்கு, உள்ள சேறு அடைச்சு. மரை வெட்டற டேப் கருவியை விட்டு மரையைச் சுத்தம் பண்ணி மாட்டினேன். அண்ணன் சட்டை எடுக்கறதுன்னா பொத்தானோட எடுக்கணும், பாதி எடுக்கக் கூடாதுன்னு அப்பவே புரிஞ்சிருக்கணும். புரியல.

அடுத்தது பிரேக். என்னுதுல முன்னாடி சாலிட் டிஸ்க், ஒரே தட்டு. அண்ணனுக்கு நடுவுல காத்து போற வென்டிலேட்டட் டிஸ்க், பெரிய கேலிப்பர். பின்னாடி இடிவாங்கின அண்ணன் ஒண்ணு கிடைச்சுது. நக்கில் (வீல் பேரிங்கும் கேலிப்பரும் உக்கார்ற இரும்பு), கேலிப்பர் ரெண்டும் எடுத்தேன். நக்கிலுக்குப் புது பேரிங், கேலிப்பரைப் பிரிச்சு பிஸ்டன்ல குழி விழுந்திருக்கான்னு நகத்தால தடவிப் பாத்து, புது சீல் கிட் போட்டேன். டிஸ்க் மேலயே குறைந்தபட்சத் தடிமன் எழுதியிருக்கும், கிடைச்ச டிஸ்க் அதை விட அரை மில்லிமீட்டர்தான் மேல இருந்துச்சு, அதை விட்டுட்டு டிஸ்க்கும் பேடும் ஹோஸும் புதுசே வாங்கிட்டேன்.

மாட்டி முடிச்சு பிரேக் ஆயில் ஊத்தி ப்ளீட் பண்ணி, அதாவது பைப்புல இருக்கற காத்தை வெளிய எடுத்து, பெடலை மிதிச்சா, கால் போய்க்கிட்டே இருக்கு. பிடிக்குது, ஆனா கீழ போய்தான் பிடிக்குது. காத்து இருக்கும்னு மறுபடி ப்ளீட் பண்ணேன். மூணாவது தடவை பண்ணும்போது ஒரு குமிழ் கூட வரல, பெடல் அதே நீளம். வீட்டுல இருக்கறவங்கள பெடல் மிதிக்க வெச்சு வெச்சு அவங்க பொறுமையும் போச்சு. ராத்திரி பேப்பர்ல கணக்குப் போட்டதுல வெளிய வந்துச்சு. என் பழைய கேலிப்பர் பிஸ்டன் 48 மில்லிமீட்டர், புதுசு 54. பரப்பளவு 27 சதவீதம் ஜாஸ்தி, அதே தூரம் பிஸ்டன் நகர 27 சதவீதம் கூட ஆயில் வேணும். அந்த ஆயிலைத் தள்ளற மாஸ்டர் சிலிண்டர் மட்டும் பழசு, 13/16 இன்ச் துளை. அண்ணனுக்கு 7/8. அந்த 1/16 இன்ச் வித்தியாசத்துல ஒவ்வொரு மிதிக்கும் 16 சதவீதம் ஆயில் அதிகமா போகும். கம்பெனி இன்ஜினியர் எல்லாத்தையும் சேத்துக் கணக்குப் போட்டு வெச்சதை நான் பாதி உருவிட்டு வந்திருக்கேன்.

மறுபடி காயலாங்கடைக்கு ஓடினேன். வண்டி அங்கயே இருந்துச்சு, மாஸ்டர் சிலிண்டரும் இருந்துச்சு, ஆனா நடுவுல யாரோ ஆயில் டப்பா மூடியைக் கழட்டிட்டுப் போயிருக்காங்க, மழை நேரா உள்ள இறங்கியிருக்கு. பிரேக் ஆயில் தண்ணியை உறிஞ்சற சாமான். டாட் 4-ங்கற ரக பிரேக் ஆயில் புதுசா இருக்கும்போது குறைஞ்சது 230 டிகிரி வரைக்கும் கொதிக்கக் கூடாதுங்கறது விதி, 3.7 சதவீதம் தண்ணி சேந்தா அந்த அளவே 155-க்கு இறங்கிடும், மலைப்பாதையில தொடர்ந்து பிரேக் பிடிச்சு இறங்கும்போது அது கொதிச்சு ஆவியாச்சுன்னா பெடல் சும்மா கீழ போகும். இங்க சதவீதமெல்லாம் இல்ல, டப்பா நிறைய மழைத் தண்ணி. உள்ள துளையில துரு கோடு போட்டிருந்துச்சு. இரும்பு வாங்கலாம்னு நான் சொன்ன கணக்குக்கு இது ஒரு விலக்கு, ஆயில் இருக்க வேண்டிய இடத்துல தண்ணி நின்ன இரும்பு இரும்பில்ல. அதே அளவு புது மாஸ்டர் சிலிண்டர் வாங்கினேன். துளை பெருசானா பெடல் கெட்டியாகும், அதுக்கு ஈடு கட்ட, மிதிக்கற பலத்தைக் கூட்டிக் கொடுக்கற அண்ணனோட வாக்குவம் பூஸ்டரையும், பின்னாடி பிரேக்குக்குப் பிரஷரைக் கட்டுப்படுத்தற வால்வையும் அந்த வண்டியில இருந்தே எடுத்தேன், அது ரெண்டும் நல்லா இருந்துச்சு. இப்போ பெடல் மேலயே பிடிக்குது. ஆள் இல்லாத இடத்துல மெதுவா ஆரம்பிச்சு பத்து இருபது தடவை பிரேக் அடிச்சுப் பாத்துட்டுத்தான் ரோட்டுக்கு எடுத்தேன், அதுக்கு முன்னாடி தெரிஞ்ச மெக்கானிக் ஒருத்தரைக் கூட்டிட்டு வந்து ஒவ்வொரு போல்ட்டையும் தொட்டுப் பாக்கச் சொன்னேன். பிரேக்ல மட்டும் எனக்கு என் மேல நம்பிக்கை கிடையாது.

ஒண்ணு தொட்டா ஒண்ணு வரும். பெரிய டிஸ்க்கு 13 இன்ச் ரிம்முக்குள்ள போகல. அண்ணனோட 14 இன்ச் ரிம் வேணும். "இது எந்த வண்டிக்கும் சேரும், எடுத்துட்டுப் போ"ன்னு ஒருத்தர் வேற ரிம் காமிச்சார், நாலு ஓட்டைதான், பாத்தா ஒண்ணு மாதிரியே இருந்துச்சு. அளந்தா ஓட்டைங்க அமைஞ்சிருக்கற வட்டத்தோட விட்டம் 114.3 மில்லிமீட்டர், எனக்கு வேண்டியது 100. கண்ணுக்கு ஏமாத்தும், டேப் வெச்சு அளக்கணும். டயர் 155/80 ஆர்13-ல இருந்து 165/65 ஆர்14-க்கு மாறுச்சு, முழு விட்டம் 578-ல இருந்து 570 மில்லிமீட்டர், 1.4 சதவீதம் சின்னது, ஸ்பீடோமீட்டர் அந்த அளவுக்குத்தான் கூடக் காட்டும். இந்த மாதிரி மாத்தத்துக்கெல்லாம் ஒவ்வொரு இடத்துலயும் ஒரு சட்டம் இருக்கும், இன்ஷூரன்ஸ்காரர் வேற கேப்பார், முதல்லயே விசாரிச்சுக்கோங்க.

இந்த பிரேக் வேலை நடந்தப்பதான் ஜாக்கி கதையும். முன்பக்கத்தைத் தூக்கி ரெண்டு ஸ்டாண்டு மேல உக்கார வெச்சு, கூடவே ஹைட்ராலிக் ஜாக்கியையும் லேசா முட்டுக் கொடுத்து விட்டுட்டுத் தூங்கப் போனேன். காலையில பாத்தா ஜாக்கி சீல் கசிஞ்சு தலை நாலு விரக்கடை கீழ இறங்கியிருக்கு, தரையில எண்ணெய்க் குட்டை. வண்டி ஸ்டாண்டு மேல அப்படியே நின்னுட்டு இருந்துச்சு. அதுக்கு முந்தின நாள் சாயங்காலம் "ஒரே ஒரு நட்டுதானே"ன்னு ஸ்டாண்டு இல்லாம ஜாக்கி மேலயே தலையை உள்ள விட்டவன் நான். அதுவும் ரப்பர்தான், அந்த சீல். அன்னிக்கு வேலை எதுவும் செய்யல, சும்மா உக்காந்திருந்தேன்.

எல்லாத்துலயும் மலிவா முடிஞ்சு அதிகப் பலன் கொடுத்தது எதுன்னு கேட்டா ஹெட்லைட்தான். ராத்திரி மஞ்சளா மங்கலா இருக்கும், நான் கண்ணாடியைத்தான் சந்தேகப்பட்டேன். 800, 1000, 1500, 2000-ன்னு தண்ணி பேப்பர் போட்டுத் தேய்ச்சு பாலிஷ் பண்ணேன், ஓரளவு தெளிஞ்சுது. அப்புறம் இன்ஜின் ஓடும்போது பேட்டரியில அளந்தா 13.8 வோல்ட், பல்பு பிளக்ல அளந்தா 11.8. ரெண்டு வோல்ட் வழியிலயே காணோம். ஏன்னா ரெண்டு ஹெச்4 பல்பு, லோ பீம்ல 55 வாட் வீதம் 110 வாட், ஒம்பது ஆம்பியர், அவ்ளோவும் பேட்டரியில கிளம்பி டேஷ்போர்டுக்குள்ள போய், ஸ்டீயரிங் பக்கத்துல இருக்கற அந்தச் சின்ன சுவிட்ச்சு வழியா வளைஞ்சு, மறுபடி முன்னாடி வருது. ஹாலோஜன் பல்போட வெளிச்சம் வோல்டேஜோட 3.4-வது அடுக்குல போகும்னு சொல்வாங்க, கணக்குப் போட்டா கிட்டத்தட்ட நாப்பது சதவீத வெளிச்சம் வயர்லயே கரைஞ்சு போகுது.

காயலாங்கடையில எந்த வண்டியிலயும் ரிலே இருக்கும், சின்னக் கரண்ட்டால பெரிய கரண்ட்டைத் திறந்து மூடற சுவிட்ச்சு, அதைச் சாக்கெட்டோட வெட்டி ரெண்டு எடுத்தேன், ஒண்ணு லோ பீமுக்கு, ஒண்ணு ஹை பீமுக்கு. கால்ல எண் போட்டிருக்கும்: 30 பேட்டரியில இருந்து வர்ற தடி வயர், 87 பல்புக்குப் போறது, 85-ம் 86-ம் உள்ள இருக்கற காயிலுக்கு. பழைய ஹெட்லைட் வயரை காயிலுக்குக் கொடுத்துட்டேன், ஸ்டீயரிங் பக்கத்து சுவிட்ச்சு இப்ப ஒரு ஆம்பியருக்கும் கம்மியாத்தான் சுமக்குது. பேட்டரியில இருந்து ஃபியூஸ் போட்டு (பேட்டரிக்குப் பக்கத்துலயே, வேற எங்கயும் இல்ல) புது தடி வயர். எர்த்தையும் விடல, பெயின்ட்டைச் சுரண்டி நேரா பாடி இரும்புல இறுக்கினேன். அளந்தா 13.5. அதே பல்புதான். வெளிச்சம் முன்ன மாதிரியே இல்ல. வாட் கூடின பல்பு வாங்கிப் போடறவங்க முதல்ல இதைப் பண்ணிப் பாக்கலாம், அந்தப் பழைய வயர்ல 100 வாட் பல்பு போட்டா பிளக் உருகும்.

பவர் விண்டோவும் மாட்டியாச்சு, அந்தத் தொங்கிட்டு இருந்த பிளக்குல சொருகினதும் கண்ணாடி ஏறின நிமிஷம் சின்னப் புள்ள மாதிரி பத்துத் தடவை ஏத்தி இறக்கினேன். ஆர்பிஎம் மீட்டர் இருக்கற அண்ணனோட மீட்டர் செட்டும் கையில இருக்கு, ஆனா மாட்டல. அதுல ஓடின கிலோமீட்டர் என் வண்டியை விட ரொம்பக் கம்மி. நாளைக்கு இந்த வண்டியை வாங்கறவன் அதைப் பாத்து நம்புவான், எழுதிக் கொடுத்தாலும் அந்தப் பேப்பர் எத்தனை கை மாறுமோ. மீட்டரைப் பிரிச்சு என் கிலோமீட்டர் பகுதியை அதுல ஒட்ட முடியுமான்னு பாக்கணும்.

போன வாரம் காயலாங்கடை அண்ணாச்சி போன் பண்ணார். ஆரம்பத்துல என்னைப் பாத்தா "பாத்துக் கழட்டு தம்பி, உடைக்காத"ன்னு பின்னாடியே வருவார், இப்ப அவரே கூப்பிடறார்.

"தம்பி, உன் வண்டியோட பெரியவன் ஒருத்தன் வந்திருக்கான்."

"எங்கண்ணே அடி?"

"பின்னாடி. முன்பக்கம் ஒரு கீறல் இல்ல. ஆள் யாருக்கும் ஒண்ணும் ஆகல."

"பவர் ஸ்டீயரிங் இருக்கா?"

"நீயே வந்து பாரு. ஆயில் மூடி எதையும் யாரையும் தொட விடல, கவர் போட்டு வெச்சிருக்கேன்."

நாளைக்குக் காலையில போறேன். ரேக், பம்ப்பு, பிராக்கெட்டு, கிராங்க் புல்லி, பைப்பு எல்லாம் எழுதி வெச்சாச்சு, இந்தத் தடவை பாதி சட்டை இல்ல. ஹோஸ் மட்டும் புதுசு. 10-ஆம் நம்பர் சாக்கெட்டை மட்டும் காணோம், நேத்துல இருந்து தேடிட்டு இருக்கேன்.